சீட் கிடைத்த பிறகு வரும் சந்தேகம்

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பிளஸ் டூ மதிப்பெண்களை இப்படிச் சுருக்கிக் கூட்டினால் வருவது 200க்கு ஒரு கட்-ஆஃப். தமிழ்நாட்டில் பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அந்த எண்தான் ஜாதகம். எண் 195க்கு மேலே போய்விட்டால், "கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே?" என்று மாமாவும் சித்தப்பாவும் முடிவு செய்துவிடுவார்கள். மிகவும் கீழே இறங்கிவிட்டால் எங்கே எது மிச்சமிருக்கிறதோ அது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கே தேர்வு செய்ய உண்மையில் கொஞ்சம் இடம் உண்டு. அவர்களும் பாடத்தைப் பார்த்துத் தேர்வு செய்வதில்லை. போன ஆண்டு எந்தப் பிராஞ்ச் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியலைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள்.

2018இல் இந்தக் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. அதற்கு முன்பு கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில், காலியிடங்கள் ஓடும் திரைக்கு முன்னால் பெற்றோரோடு உட்கார்ந்து சில நிமிடங்களில் கல்லூரியையும் பிராஞ்சையும் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது வீட்டிலிருந்தே சாய்ஸ் ஃபில்லிங் செய்யலாம், யோசிக்க நாள்கள் கிடைக்கின்றன. ஆனால் அடிப்படை மாறவில்லை. மெக்கானிக்கலை முதலாவதாகவும் இசிஇயை ஐந்தாவதாகவும் வரிசைப்படுத்தும் மாணவர் அந்த இரண்டிலும் ஒரு மணி நேரப் பாடம்கூடக் கேட்டதில்லை.

சந்தேகம் வகுப்பு தொடங்கிய பிறகுதான் வரும். வேறு எப்போது வர முடியும்?

அப்படி வரும் சந்தேகத்துக்கு ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்பது வீட்டின் பதில். "பிடிக்கலைன்னா விட்டுட்டு உனக்குப் பிடிச்சதைப் பண்ணு" என்பது யூடியூப் பேச்சாளர்களின் பதில். இரண்டுமே ஒரு கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போகின்றன: அந்த மாணவர் உண்மையில் எதைச் சந்தேகிக்கிறார்? பாடத்தையா, கல்லூரியையா, தன்னையேவா?

முதலில், இது அரிதான நோய் அல்ல. அமெரிக்கக் கல்வித்துறையின் புள்ளிவிவர மையம் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, முதன்மைப் பாடத்தை அறிவித்துவிட்ட இளநிலை மாணவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் சேர்ந்து மூன்று ஆண்டுகளுக்குள் அதை ஒருமுறையாவது மாற்றிக்கொண்டார்கள். பத்தில் ஒருவர் ஒருமுறைக்கு மேல் மாற்றினார். கணிதத்தில் தொடங்கியவர்களில் மாறியவர்கள் பாதிக்கும் மேல், 52 விழுக்காடு. கணிதத்தை விரும்பித் தேர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், கட்-ஆஃப் தள்ளிவிட்ட இடத்தில் போய் உட்கார்ந்தவருக்குச் சந்தேகம் வருவதில் வியப்பில்லை. தமிழ்நாட்டு மாணவருக்கும் அமெரிக்க மாணவருக்கும் மனம் ஒன்றுதான். அங்கே மாறுவதற்கு ஒரு படிவம் இருக்கிறது, இங்கே டி.சி. வாங்க வேண்டியிருக்கிறது.

இங்கே முடிவு எடுக்கப்படுவதும் 17 வயதில் அல்ல. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்த காலத்திலிருந்து, பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே பாதி முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. கணிதம் இல்லாத குரூப் எடுத்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு பி.இ. கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது; உயிரியல் எடுக்காதவருக்கு மருத்துவம் எட்டாது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில், பெரும்பாலும் பள்ளித் தலைமையாசிரியர் அறையில், "இந்த மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப் தரலாம்" என்ற ஒரு வாக்கியத்தில் அது நடந்து முடிகிறது.

சீக்கிரம் தேர்வு செய்வதற்கு ஒரு விலை உண்டு என்பதைப் பொருளியலாளர் ஓஃபர் மலமுத் பிரிட்டனை வைத்தே காட்டினார். இங்கிலாந்தில் மாணவர் விண்ணப்பிக்கும்போதே இன்ன பாடம் என்று சொல்லிச் சேர்கிறார். ஸ்காட்லாந்தில் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் பல பாடங்களைத் தொட்டுப் பார்த்த பிறகே ஒன்றில் ஊன்றுவார்கள். முன்னதாகவே ஊன்றிய இங்கிலாந்துக்காரர்களுக்குத் துறை ஆழமாகக் கைவந்திருக்கும், அதை விட்டுப் போகமாட்டார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் படித்ததற்குத் தொடர்பில்லாத வேலைக்குத் தாவியதில் அவர்கள்தான் முன்னணியில் இருந்தார்கள். சீக்கிரம் தேர்ந்ததில் மிச்சம் பிடித்த காலத்தைப் பிறகு துறை மாறுவதில் செலவழித்தார்கள். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓ.எம்.ஆர். சாலை மென்பொருள் நிறுவனங்களில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பட்டதாரிகளுக்கு இந்த முடிவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, அந்த முதல் செமஸ்டர் சந்தேகத்துக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்செனத் தெரியும். முதல் செமஸ்டரில் ஆங்கிலம், மேட்ரிக்ஸ்-கால்குலஸ், பொறியியல் இயற்பியல், பொறியியல் வேதியியல், பைத்தான் நிரலாக்கம், தமிழர் மரபு. சிவிலுக்கும் இதுதான், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இதுதான். அடுத்த செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வரும்; துறைக்கே உரிய பாடங்கள் அப்போதுதான் ஒன்றிரண்டாகத் தலைகாட்டும். ஆகவே டிசம்பர் மாதத்தில் "எனக்கு மெக்கானிக்கல் செட் ஆகலை" என்று சொல்லும் மாணவர் மெக்கானிக்கலை இன்னும் பார்க்கவே இல்லை. அவர் பார்த்திருப்பது மேட்ரிக்ஸ், விடுதிச் சாப்பாடு, ஆங்கிலத்தில் மட்டுமே பேசும் விரிவுரையாளர், அரியர் பயம். அவர் சந்தேகம் பொய்யல்ல. பெயர்தான் தவறாக ஒட்டப்பட்டிருக்கிறது.

இதில் மொழியின் பங்கு பேசப்படுவதைவிடப் பெரியது. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் கணிதம் படித்து நல்ல கட்-ஆஃப் எடுத்த மாணவர், ஆங்கிலத்தில் ஓடும் வகுப்பில் மூன்றாவது நிமிடம் பின்தங்குகிறார். தான் பின்தங்குவது பாடத்திலா மொழியிலா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. "எனக்கு இது வராது" என்று மொத்தமாக முடிவு கட்டுகிறார். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்வழி வாய்ப்பு சில பிராஞ்சுகளிலும் சில கல்லூரிகளிலும் மட்டும் என்பதால், பெரும்பாலானோருக்கு இந்த மோதல் தவிர்க்க முடியாததாகவே இருக்கிறது.

"எனக்கு வராது" என்பது எப்போதும் தவறான முடிவும் அல்ல. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்ற கல்லூரி இருக்கிறது. படிப்புக் கட்டணமே வாங்காத கல்லூரி. எனவே பணம் என்ற காரணம் அங்கே பெரிதாகக் குறுக்கிடாது. டாட் ஸ்டைன்பிரிக்னர், ரால்ஃப் ஸ்டைன்பிரிக்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அங்கே சேர்ந்த மாணவர்களை ஆண்டுக்குப் பலமுறை கேள்வி கேட்டுத் தொடர்ந்து கவனித்தார்கள். 2014இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், சேரும்போது வேறெந்தத் துறையையும்விடக் கூடுதலானோர் கணிதம், அறிவியல் பக்கம் போக நினைத்தார்கள்; முடிக்கும்போது அங்கே எஞ்சியவர்களே மிகக் குறைவு. காரணம் சலிப்பு அல்ல. தாங்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவான மதிப்பெண்ணே வரும் என்பதை உள்ளே வந்துதான் தெரிந்துகொண்டார்கள். தன் திறமையைப் பற்றிய தகவல் பள்ளியில் கிடைப்பதில்லை, கல்லூரியில்தான் கிடைக்கிறது. நீட் கோச்சிங்கிலும் பிளஸ் டூ மாதிரித் தேர்வுகளிலும் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும் என்று தோன்றுகிறது. மாதிரி வினாத்தாள்களைப் பார்த்துப் படித்து வாங்கிய 98 மதிப்பெண், இயற்பியல் தனக்குப் பிடிக்குமா என்பதைப் பற்றி எதையும் சொல்லாது.

பிடிப்பு என்பதைப் பற்றியே ஒரு தவறான நம்பிக்கை பரவிக் கிடக்கிறது: ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே ஒரு துறை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு எல்லாம் சுலபம். பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகிய உளவியலாளர்கள் 2018இல் இதைச் சோதித்தார்கள். கருந்துளை பற்றிய ஒரு சுவையான காணொளியைக் காட்டியதும் மாணவர்களுக்கு ஆர்வம் கிளம்பியது. அடுத்து அதே பொருளில் கடினமான ஓர் அறிவியல் கட்டுரையைக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே அமைவது என்று நம்பியவர்களிடம் அது சட்டென்று விழுந்தது. ஆர்வம் வளர்க்கப்படுவது என்று நினைத்தவர்களிடம் அவ்வளவு விழவில்லை. கடினமாக இருப்பதையே "இது எனக்கானது இல்லை" என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கிருந்து வருகிறது. "பேஷனைத் தேடு" என்று மேடையில் முழங்குபவர்கள் அறியாமல் செய்யும் கெடுதல் இது.

இனி, சந்தேகம் உண்மையிலேயே பாடத்தைப் பற்றியதுதான் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் செமஸ்டரில் தெர்மோடைனமிக்ஸும் நான்காவதில் அதன் அடுத்த கட்டமும் வந்தாயிற்று, ஆங்கிலமும் பழகிவிட்டது, அரியரும் இல்லை. ஆனாலும் பிடிக்கவில்லை. அப்போது விட்டுவிடலாமா?

பொருளியல் பாடப்புத்தகத்தின் பதில் எளிது. செலவழித்த பணம் திரும்பி வராது, எனவே அதைக் கணக்கில் சேர்க்காதே, இனி வரப்போவதை மட்டும் பார். மனிதர்கள் அப்படி நடப்பதில்லை என்பதை ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1985இல் ஓர் அழகான சோதனையில் காட்டினார்கள். ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் அந்தப் பருவம் முழுவதற்குமான டிக்கெட்டைச் சிலர் 15 டாலர் முழு விலைக்கு வாங்கினார்கள். வேறு சிலருக்கு எதிர்பாராத தள்ளுபடி தரப்பட்டது. பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே கூடுதலான நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

ஆனால் இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு, படிப்பை விடத் தயங்கும் தமிழ் மாணவருக்கு "பழைய செலவை மற" என்று அறிவுரை சொல்வது அநியாயம். அவர் முன்னால் இருப்பது பழைய செலவு மட்டுமல்ல. உயர்கல்வியில் சேரும் 18 முதல் 23 வயதினரின் விகிதம் தமிழ்நாட்டில் 2021-22இல் 47 விழுக்காடு, இந்திய சராசரி 28.4. இப்படிச் சேர்பவர்களில் மிகப் பலர் தம் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஒற்றைச்சாளர முறையில் தொழிற்படிப்பில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் அது குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் பயன்படுத்திவிட்டால் தங்கைக்குக் கிடையாது. அண்ணன் மூன்றாம் செமஸ்டரில் வெளியேறினால், அது அவனுடைய தனிப்பட்ட தேடலாக மட்டும் எப்படி இருக்கும்? பெண் பிள்ளை என்றால் கேள்வி வேறு வடிவம் எடுக்கும். ஒரு வருடம் வீட்டில் இருக்கிறாள் என்ற செய்தியே வரன் பேச்சுக்கு வழிவிட்டுவிடும்.

அப்துல் கலாம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1954இல் இயற்பியல் பட்டம் பெற்றார். இயற்பியல் தன்னுடைய துறை அல்ல என்பது பட்டம் வாங்கிய பிறகுதான் தனக்குத் தெரிந்தது என்று 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ 1000 ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இந்தக் கதையை ஊக்கப் பேச்சுகளில் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். அதைவிட அழுத்தமாக அதில் தெரிவது, தவறான பட்டத்தின் விலையைக் கட்டியது யார் என்பதுதான். அடகுவைக்க வளையல் இல்லாத அக்காக்களின் தம்பிகளைப் பற்றி யாரும் நூல் எழுதவில்லை.

மாறும் வழி எளிதாக இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? அதுவும் உறுதியில்லை. டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் ஹார்வர்டில் புகைப்பட வகுப்பு ஒன்று நடத்தி, மாணவர்கள் தாங்களே எடுத்த இரண்டு படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலருக்கு, சில நாள்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை. சிலருக்கு முடிவு முடிவுதான். மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு உள்ளவர்களே தங்கள் படத்தைக் குறைவாக விரும்பினார்கள். சில ஐஐடிகளில் முதலாண்டு மதிப்பெண்ணை வைத்துப் பிராஞ்ச் மாறும் வழி நெடுங்காலமாக இருந்தது. பலர் முதல் வருடம் முழுவதையும் அந்தப் பந்தயத்திலேயே கழித்தார்கள். இந்த மன அழுத்தத்தைக் காரணம் காட்டியே சில ஐஐடிகள் அண்மையில் அதைக் கைவிட்டன.

எதிர்ப்பக்கத்தில் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டின் நாணயச் சோதனை நிற்கிறது. வாழ்க்கை முடிவுகளில் ஊசலாடுபவர்களை ஓர் இணையதளத்துக்கு வரவழைத்து நாணயம் சுண்டவைத்தார். 20,000க்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. "மாறு" என்று விழுந்தவர்கள் மாறுவதற்கான வாய்ப்பு கூடியது. பெரிய முடிவுகளில் அப்படி மாறியவர்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, இருந்த இடத்திலேயே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்ததாகச் சொன்னார்கள். 2021இல் வெளியான இந்த ஆய்வை அப்படியே நம்பத் தேவையில்லை. நாணயம் சுண்டும் அளவுக்கு வந்துவிட்டவர் ஏற்கெனவே பாதி கிளம்பிவிட்டவர். ஆனால் அப்படிப்பட்டவரைப் பற்றியாவது அது ஏதோ சொல்கிறது: நெடுநாள் ஊசலாடிக்கொண்டிருப்பவர்கள் பொதுவாகத் தேவைக்கு மேல் தயங்குகிறார்கள்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, "விடுவதா, தொடர்வதா" என்ற இரட்டைக் கேள்வியே பல மாணவர்களுக்குத் தேவையற்றது. யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி குரூப் ஒன், வங்கித் தேர்வுகள் கேட்பது ஏதாவது ஒரு பட்டம். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும் எம்.பி.ஏ.வுக்கும் அப்படியே. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் எல்லாப் பிராஞ்சிலிருந்தும் ஆள் எடுக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைத் தொடர 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது; சிவில் படித்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் வரலாறு படிக்கத் தடையில்லை.

கலாம் படித்த அதே திருச்சிக் கல்லூரியில் இயற்பியலும் அதே எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தவர் ரங்கராஜன். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கெடுத்துக்கொண்டே, சுஜாதா என்ற பெயரில் எழுதித் தள்ளினார். எழுதுவதற்காக அவர் பொறியியலை விட்டு ஓடவில்லை. இன்னொரு முனையில், 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டமே வாங்கிய பிறகு, அது தன் துறை அல்ல என்று தோன்றி, சான்டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியல் முதுநிலை மாணவராகப் போய்ச் சேர்ந்தார். அங்கே இரண்டாவது பட்டம் எதுவும் வாங்கவில்லை. தேவையானதைக் கற்றுக்கொண்டு ஆய்வுக்குப் போய்விட்டார். 2009இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு வேதியியலுக்கு. இயற்பியல் வீணாகவில்லை. ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிய அவர் கையாண்ட எக்ஸ் கதிர்ப் படிகவியல் இயற்பியலில் பிறந்த கருவி.

கல்வி நிறுவனங்கள் என்ன செய்யலாம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு மாதிரி இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழி தரவு அறிவியல் படிப்பில் சேர விரும்புபவர் முதலில் நான்கு வாரப் பாடத்தைப் படிக்க வேண்டும். அதிலிருந்தே தகுதித் தேர்வு. தேறிய பிறகுதான் சேர்க்கை. அதாவது ருசி பார்த்துவிட்டுத்தான் முடிவு. பாதியில் நிறுத்துபவர் வெறுங்கையோடு போவதில்லை. அடித்தளச் சான்றிதழோ டிப்ளமோவோ வாங்கிக்கொண்டு போகலாம். இதை அப்படியே நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளுக்குப் பொருத்த முடியாது. ஆனால் பிளஸ் டூ தேர்வு முடிந்து கலந்தாய்வு தொடங்கும்வரை இரண்டு மாதங்களுக்கும் மேல் சும்மாதான் போகின்றன. ஒவ்வொரு பிராஞ்சிலும் இரண்டாம் ஆண்டுப் பாடம் ஒன்றின் பத்து வகுப்புகளைத் தமிழில் பதிவு செய்து அந்த இடைவெளியில் வெளியிட அண்ணா பல்கலைக்கழகத்தால் முடியாதா?

அதுவரை உடனடியாகச் செய்யக்கூடியது, விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் கெடுவைத் திருத்துவது.   மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கை, சேர்க்கைக்கான கடைசி நாளிலிருந்து 15 நாள்களுக்குள் விலகினால் 80 விழுக்காடும் 30 நாள்களுக்குள் விலகினால் 50 விழுக்காடும் திருப்பித் தரச் சொல்கிறது. முப்பது நாள் தாண்டினால் ஒன்றுமில்லை. அண்மைய ஆண்டுகளில் தனிச் சுற்றறிக்கைகள் மூலம் இந்தக் கெடு சற்று நீட்டப்பட்டதும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் முதல் செமஸ்டர் தேர்வு எழுதுவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. தன்னைப் பற்றி எந்தத் தகவலும் கையில் இல்லாத நாள்களில் மட்டும் திறந்திருக்கும் இந்தச் சலுகையால் யாருக்குப் பயன்? கட்டணத்தில் ஒரு பகுதியையாவது முதல் செமஸ்டர் முடிவு வந்து இரண்டு வாரம்வரை திருப்பிப் பெறும்படி மானியக் குழுவும் மாநில உயர்கல்வித் துறையும் விதியை மாற்ற வேண்டும்.